மூக்குப்பாறையில் ஒரு காற்றறை

செவ்வாய்க் கோள், நான்காம் ரிலே நிலையம்
முதல் நாள், காலை 6:40

காற்று உருளைகள் நிறைந்திருக்கின்றன. தண்ணீர் முக்கால் தொட்டி. கோதுமை மாவு உண்டு, உளுந்து தீர்ந்துவிட்டது. வெளியே தெளிவு.

இன்னாசி விடியலில் வண்டியை எடுத்துக்கொண்டு மேற்குக் கோபுரத்துக்குப் போனார். அலைவாங்கி பழுது. இரவு அங்கே தங்கி நாளை காலை திரும்புகிறார். நிலையத்தில் யாராவது ஒருவர் குறிப்பு எழுதியாக வேண்டும் என்பது விதி. நான் கம்பெனிப் பணியாள் இல்லை, அவர்கள் காகிதத்தில் நான் 'உடன் வந்த மனைவி'. ஆனாலும் அவர் வெளியே போகிற நாளில் எழுதுவது நான்தான். பெயர் தெக்லா. ஊர் தூத்துக்குடி.

இதைப் படிப்பவர் புதியவராக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்துக்குக் கம்பெனி ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. காசு கட்டினவர்களுக்கு மட்டும். கட்ட முடியாதவர்களுக்காக இங்கே குடியிருக்கிறவர்களே சேர்ந்து வரைவது பொதுப்படம். ஐந்து வருடமாக அதுதான் எனக்கு வேலை. யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பில் சோறு வேகிற நேரத்தில் நானே கற்றுக்கொண்டது.

பொதுப்படத்தில் ஒரு கல்லைக் குறித்தாலும், அது உனக்கு எப்படித் தெரியும் என்று கூடவே எழுத வேண்டும். மூன்றே சொல். 'நேரில் கண்டது.' 'மேலிருந்து பார்த்தது', அதாவது எல்லோருக்கும் திறந்துவிட்ட விண்கலப் படத்தில். 'சொல்லக் கேட்டது.' உயிரோடு சம்பந்தப்பட்டவை, வண்டி ஓடும் வழியும் ஆபத்துக்கு ஒதுங்கும் காற்றறையும், நேரில் கண்டதாகவே இருக்க வேண்டும். இன்னொருவரும் கண்டேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை அது வெற்று வட்டம், வண்டித் திரையில் தெரியாது. சாட்சி வந்ததும் நிறைந்த வட்டம். அதை வண்டிகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும்.

கம்பெனிப் படத்தைப் பார்த்து எழுதக் கூடாது. அது திருட்டு. ஒருவர் திருடினால் பொதுப்படம் முழுவதையும் கோர்ட்டில் முடக்கலாம்.

இன்னாசி போன வழி நான் குறித்த வழி. வெடிப்புத்தரை என்று பெயர், தரை பாளம்பாளமாகப் பிளந்து கிடக்கும் இடம். கம்பெனிப் படத்தில் அது வெறும் பழுப்பு. தெற்குச் சாலையைச் சுற்றினால் இரண்டு நாளாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து, மேற்கு ஓரத்தில் தொடங்கி நிலையத்தை நோக்கி, கம்பால் தட்டித் தட்டி நடந்து குறித்தோம். கடைசிப் பகுதிக்கு வந்தபோது அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை நான் மட்டும் நடந்தேன். பின்னால் வண்டியில் வந்தே சாட்சி சொன்னார். இப்போதெல்லாம் அந்த வழியில் வண்டி தானாக ஓடும், அவர் தூங்குவார்.

அந்தோனியார் படத்துக்கு விளக்குப் போட்டேன். வேறு விசேஷம் இல்லை.

முதல் நாள், மாலை 5:15

இன்னாசி கோபுரத்திலிருந்து பேசினார். வேலை முடிந்தது. வடக்கே தூசி எழும்புகிறதாம், விடிந்ததும் கிளம்பிவிடுவாராம். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஏட்டி தெக்லா, எங்க ஆளுக செஞ்சிருக்கிற கூத்தக் கேளு. படத்த எவன் காப்பியடிக்கான்னு பிடிக்கதுக்கு, நாலஞ்சு எடத்துல இல்லாதத இருக்குன்னு போட்டு வச்சிருக்கானுவ. கோபுரத்துக்கு வந்த பையன் சொல்லுதான்."

எந்த இடம் என்று கேட்டேன்.

"எல்லாம் ஆள் போவாத எடந்தான். மூக்குப்பாறைல ஒரு காற்றறை இருக்குல்லா, அது சும்மா. வெறும் பாறை. கம்பெனி வண்டிக்குத் தெரியும் அது பொய்யின்னு. என்ன, சத்தத்தையே காணும்?"

அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள், காலை 5:50

எழுதுகிறேன். எழுதாமல் ஜெபிக்க முடியவில்லை.

பொதுப்படத்தில் மூக்குப்பாறைக் காற்றறையைப் போட்டது நான். 'நேரில் கண்டது' என்று போட்டேன். நான் அந்தப் பாறையைப் பார்த்ததே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். போன மழைக்காலத்தில்... பாருங்கள், இங்கே ஏது மழை, கை பழக்கத்தில் எழுதுகிறது. போன வருடம் இன்னாசி வேலைத் திரையைத் திறந்தபடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். காப்பி வைக்கப் போன நான் பார்த்தேன். நிலையத்தைச் சுற்றி என் பகுதி முழுவதும் நிரப்பிவிட்டேன், கிழக்கு மூலையில் மட்டும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை நடுவில் கம்பெனிப் படம் ஒரு காற்றறையைக் காட்டியது. தாகத்துக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்வது திருட்டா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். தண்ணீர் தோண்டும் ஆட்கள் அந்தப் பக்கம்தான் போவார்கள், கம்பெனிப் படம் வாங்க அவர்களிடம் வழியில்லை. புண்ணியம் என்று நினைத்தேன். ஓட்டை மூடினால் பார்க்க அழகாக இருக்கும் என்றும் நினைத்தேன். எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

சாட்சிக்கு ஜெசிந்தாவைக் கேட்டேன். கிழக்கே ஆறாம் நிலையத்தில் இருக்கிறாள், என்னைவிட இளையவள். அவளும் அங்கே போனதில்லை. "அக்கா கண்டா நான் கண்ட மாதிரிதான்" என்று சொல்லிச் சாட்சி போட்டாள். இங்கே நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஒருத்தி நல்லவள் என்றால் அவள் கல்லும் நல்ல கல்.

நிறைந்த வட்டமானது.

நேற்று மாலையே அதை எடுத்திருக்கலாம். எடுக்கவும் இரண்டாவது ஆள் ஒப்ப வேண்டும், ஏன் என்று ஜெசிந்தாவிடம் சொல்ல வேண்டும். காலையில் ஜெபமாலை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள், காலை 8:20

புயல். வடக்குச் சன்னல் செங்கல் நிறம். இன்னாசி கிளம்பிவிட்டார் என்று படத்தில் அவர் வண்டிப் புள்ளி காட்டுகிறது. பேச்சு அலை இழுத்து இழுத்து வருகிறது.

ஜெசிந்தா கூப்பிட்டாள். அவள் தம்பி சிலுவையும் இன்னும் மூன்று பேரும் தோண்டும் வண்டியில் கிழக்கே மாட்டிக்கொண்டார்கள். வண்டியின் காற்றுச் சுத்திகரிப்பான் தூசியில் அடைத்துவிட்டது. கையிலிருக்கும் காற்று பதினொரு மணி வரை.

"அக்கா, மாதா கண்ணத் தொறந்துட்டா. வண்டி மூக்குப்பாறைக் காற்றறைக்கு வழி எடுத்திருச்சு. இரட்டைக்கல்லுல நான் குறிச்சது இருக்கு, ஆனா ஒங்களுதுதான் கிட்ட. நீங்க மட்டும் அதப் போடாட்டி என்ன ஆயிருக்கும்? கேக்குதா அக்கா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

நான் சொன்னதையும் எழுதுகிறேன், அதைக் கூட்டிக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. "சரி ஜெசி. ஜெபம் பண்ணுவோம்" என்றேன்.

ஜெசிந்தாவிடம் வேறேதோ காரணம் சொல்லி ஒப்பவைத்து, சத்தமில்லாமல் படத்திலிருந்து எடுத்துவிட்டால் வண்டி தானே இரட்டைக்கல்லுக்குத் திரும்பிவிடும், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்று அந்த நொடியில் கணக்குப் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் அலை அறுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறேன். இரைச்சல் மட்டும்.

8:55

எடுக்க முடியவில்லை. படம் உறைந்திருக்கிறது.

நானே மறந்துபோன விதி. புயல் அறிவிப்பு வந்ததும் பொதுப்படத்தை உறைய வைப்பார்கள். பயத்தில் யாரும் வழியை மாற்றிவிடக் கூடாது என்று. பழையதை எடுக்க முடியாது, திருத்த முடியாது. புதிதாகப் போடலாம், ஆனால் வெற்று வட்டமாகத்தான் நிற்கும். நிலையத்துத் திரைகளில் தெரியும், வண்டியில் இருப்பவர் பார்க்க முடியாது. சிலுவைக்கு நான் எதை எழுதினாலும் அவன் கண்ணுக்குப் போகாது.

இப்போது அலையில் ஓடுவது இரண்டே இரண்டு. வண்டிகளின் புள்ளி, படத்தின் மாற்றம். குரல் இல்லை.

9:10

ஒரு கதவு திறந்திருக்கிறது.

உறைந்த படத்திலும் உடனே நடப்பது ஒன்று உண்டு. 'நகல் எடுத்தது' என்ற முறையீடு. சட்டம் அப்படி. திருட்டுச் சரக்கை ஒரு நிமிடம் கூட வைத்திருக்க முடியாது. முறையீடு போனதும் இயந்திரம் எல்லா நிலையத்திலும் எல்லா வண்டியிலும் உள்ள எல்லாப் பிரதிகளிலிருந்தும் அதை அழித்துவிடும்.

அதை மட்டும் அல்ல. அந்த ஆள் 'நேரில் கண்டது' என்று போட்ட எல்லாவற்றையும். மறுபடி ஒருவர் போய்ப் பார்க்கும் வரைக்கும்.

இது யார் கொண்டுவந்த விதி என்று கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் வேலாயுதம் என்ற ஒருவர் கம்பெனிப் படத்திலிருந்து ஒரு குழாய் வழியைப் பார்த்து எழுதியது பிடிபட்டது. அந்த ஒன்றை மட்டும் எடுத்தால் போதும் என்று கூட்டத்தில் பலர் சொன்னார்கள். நான் எழுந்து பேசினேன். பால் பானையில் ஒரு சொட்டு விஷம் விழுந்தால் எந்தக் கரண்டிப் பாலைத் தனியே எடுத்து வைப்பீர்கள் என்று கேட்டேன். கை தட்டினார்கள். விதியாயிற்று. அவர் வெளியேறினார். அவர் குறித்தவற்றில் பெரும்பாலானவை உண்மையானவை.

இன்னாசியின் புள்ளி இப்போதுதான் வெடிப்புத்தரைக்குள் நுழைந்தது. வெளியே ஒரு முழம் தூரம் தெரியாது. வண்டி என் வட்டங்களைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வட்டங்கள் இல்லையென்றால் அந்த இடத்திலேயே நிற்கும். நின்றால் அவருடைய சுத்திகரிப்பானும் அடைக்கும்.

9:25

சிலுவையின் வண்டி வழி பிரியும் இடத்துக்கு வர முக்கால் மணி ஆகும். அங்கே திரும்பினால் இரட்டைக்கல்லுக்குக் காற்று போதும். தாண்டிவிட்டால் போதாது.

இன்னாசி வெடிப்புத்தரையைக் கடந்து வெளியே வர ஒன்றேகால் மணி.

நான்கு தடவை கணக்குப் பார்த்தேன். வீட்டுக் கணக்கில் எப்போதாவது என் தப்பு ஒன்று அகப்பட்டுத் துண்டு விழாமல் போகும். அந்தத் தப்பைத் தேடினேன். இல்லை.

9:50

காத்திருக்கிறேன். கடைசி நிமிடம் வரை காத்திருந்தால் இன்னாசி முடிந்தவரை முன்னால் வந்துவிடுவார். அதுதான் சரி என்று தெரியும். ஆனாலும் இப்படி உட்கார்ந்து இரண்டு புள்ளிகளைப் பார்த்துக்கொண்டு, இவருக்கு இன்னும் கொஞ்சம், அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் என்று பங்கு வைப்பது, பானையில் கரண்டி விடுகிற கை போல இருக்கிறது. சிலுவைக்குப் போன மாதம்தான் நிச்சயம் ஆனது. ஜெசிந்தா எனக்கும் ஒரு துண்டு இனிப்பு அனுப்பியிருந்தாள்.

ஜெபமாலையில் எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியவில்லை. திரும்ப முதலிலிருந்து.

10:08

படிவத்தைத் திறந்தேன். நகல் எடுத்தவர் பெயர். எழுதினேன். முறையிடுபவர் பெயர். அதே பெயரை எழுதினேன். இயந்திரம் தவறோ என்று ஒருமுறை கேட்டது. தவறில்லை என்றேன்.

'இவருடைய நேரில் கண்ட குறிகள் அனைத்தும் நீங்கும். உறுதியா?'

ஏங்க, மன்னிச்சிருங்க.

அனுப்பினேன்.

10:10

வந்த பதில்: "முறையீடு ஏற்கப்பட்டது. தெக்லா அவர்களின் நேரடிக் குறிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. அவருடைய சாட்சி இனி ஏற்கப்படாது. பொதுப்படத்தின் நேர்மையைக் காத்தமைக்கு நன்றி."

நிலையத்தைச் சுற்றி எல்லாம் பழுப்பாகிவிட்டது. கம்பெனிப் படத்தைவிட வெறுமையான பழுப்பு. ஐந்து வருடம் கண்ணெதிரே ஒன்றுமில்லாமல் போக ஒரு மூச்சு நேரம்தான் ஆனது.

கிழக்கே சிலுவையின் புள்ளி பிரியும் இடத்தில் தயங்கியது. பிறகு இரட்டைக்கல் பக்கம் திரும்பியது.

மேற்கே இன்னாசியின் புள்ளி நின்றுவிட்டது.

வண்டி அவருக்குக் காரணத்தையும் படித்துச் சொல்லியிருக்கும். 'வழி நீக்கப்பட்டது. நகல் எடுத்தவர்: தெக்லா.' பெண் குரலில் சொல்லும். அந்தக் குரல் என்னுடையதைப் போல இருக்கிறது என்று அவர் கேலி செய்வார்.

10:45

இரட்டைக்கல் காற்றறைக் கதவு திறந்து மூடியதாகப் படத்தில் அடையாளம் மாறியது. உள்ளே நான்கு பேர்.

மண்டியிட்டேன். நன்றி என்ற சொல் வரவில்லை.

ஆறாம் நிலையத்துக்கு அருகே புதிதாக ஒரு வெற்று வட்டம். ஜெசிந்தா போட்டது. வட்டத்துக்கு ஒரு பெயர் வைக்கலாம், அந்த இடத்தில் எழுதியிருக்கிறாள்:

"நாலு பேரும் உள்ள. அக்கா, என்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

11:00

இன்னாசியின் புள்ளி அசைகிறது.

மெல்ல. வண்டியைக் கையால் ஓட்டுகிறார். இல்லை, இவ்வளவு மெதுவாக வண்டி போகாது. இறங்கிக் கம்பால் தட்டிப் பார்த்து, ஏறி, ஒரு வண்டி நீளம் நகர்த்தி, மறுபடி இறங்குகிறார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. நடந்து குறித்த அன்றைய நினைவிலிருந்து வருகிறார்.

ஒரு வெற்று வட்டம் போட்டிருக்கிறார். எப்படித் தெரியும் என்ற இடத்தில் 'நேரில் கண்டது'. பெயர்: "நீ வழுக்கின இடம்".

எனக்குத் தெரியும் அந்த இடம். சரியாகத்தான் இருக்கிறார்.

11:20

இரண்டாவது வட்டம். "நான் சிரிச்சு வாங்கிக் கட்டினது."

சாட்சி கேட்டு இயந்திரம் என் திரையில் வழக்கமான கேள்வியைக் காட்டியது: 'இந்த இடத்தை நீங்களும் நேரில் கண்டதுண்டா?' கண்டதுண்டு என்று அழுத்தினேன். 'உங்கள் சாட்சி ஏற்கப்படாது.'

வட்டம் எதிலும் காற்றறையைப் பற்றிப் பேச்சில்லை. கோபம் வந்தால் அவர் பேசமாட்டார். கோபம் இல்லாவிட்டாலும் அதிகம் பேசமாட்டார். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

11:40

மூன்றாவது வட்டம்.

"இதுக்கு மேல நீ தனியா நடந்த."

புள்ளி நிற்கிறது.

11:45

அவர் அன்றைக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்த இடம் அது. அங்கிருந்து தரை முடிகிற ஓரம் வரைக்கும் எங்கே மிதிக்க வேண்டும், எங்கே மிதிக்கக் கூடாது என்று கண்டவள் ஒருத்திதான். அவளுடைய சாட்சி செல்லாது.

ஓரம் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

வெளி உடுப்பு சரி பார்த்தேன். காற்று நிறைத்தேன். கயிற்றுச் சுருள் இரண்டு, கொக்கி, கம்பு, நிலையத்துக் கைவிளக்கு அத்தனையும். வாசல் விளக்கை எரியவிட்டிருக்கிறேன். தண்ணீர் அரைத் தொட்டிக்கு மேல் இருக்கிறது. அடுப்பு அணைத்தாயிற்று. அந்தோனியார் விளக்கை அணைக்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: மூக்குப்பாறையில் காற்றறை இல்லை. அங்கே போகாதீர்கள். வேலாயுதம் குறித்தவற்றை யாராவது போய்ப் பார்த்துத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

இனிக் குறிப்பு உடுப்பின் குரல்பதிவில்.

12:05, குரல்பதிவு

வெடிப்புத்தரை ஓரம். கயிறு கட்டியாயிற்று. நண்பகல், வெளிச்சம் இல்லை. கை நீட்டினால் கை தெரியவில்லை.

முதல் கல். கூன் விழுந்த கல், இடது பக்கம் விளிம்பு. கம்பு தட்டுகிறது, கெட்டி. விளக்கு ஒன்று வைத்தேன். நேரில் கண்டது.

12:20

இரண்டாவது. இங்கே பிளவு வாய் விரிந்திருக்கிறது, அன்றைக்கு இவ்வளவு இல்லை. வலது பக்கமாக மூன்று எட்டு. விளக்கு வைத்தேன். நேரில் கண்டது.

திரும்பிப் பார்த்தேன். முதல் விளக்கு தெரியவில்லை. கயிறு இருக்கிறது.

12:35

கயிறு முடிந்தது. இரண்டாம் சுருளைக் கோத்தேன்.

மூன்றாவது கல்... இது இல்லை. இது வேறு. கம்பு உள்ளே போகிறது. திரும்பு. திரும்பு தெக்லா.

அருள் நிறைந்த மரியே.

இதோ. இதுதான். மேலே வெள்ளைக் கோடு ஓடுகிற கல். விளக்கு. நேரில் கண்டது.

12:50

கயிறு இவ்வளவுதான். இழுத்தால் வரவில்லை.

இன்னும் ஒரு கல் தூரம் இருக்கிறது அவர் நிற்கிற இடத்துக்கு. கடைசி விளக்கைத் தலைக்கு மேலே பிடித்திருக்கிறேன். ஏங்க. ஏங்க, இங்க. இந்தப் பக்கம்.

12:5—

எதிரே ஏதோ வெளிச்சம். மஞ்சள். அசைகிற மாதிரி இருக்கிறது. தூசியில் என் விளக்கே பட்டுத் திரும்புகிறதாகவும் இருக்கலாம்.

வண்டி என்று சொல்ல மாட்டேன். இன்னும் காணவில்லை. கண்டால் சொல்லுகிறேன்.

கயிற்றின் கொக்கியைக் கழற்றுகிறேன்.